அத்தானின் பென்சில் சிரிப்பு

பல்லுக்கு நடுவே பென்சிலைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு அத்தான் கண்ணாடி முன் நிற்கிறார். என் அக்காவின் கணவர். கல்லூரியில் உளவியல் நடத்துகிறவர். தினமும் காலையில் ஐந்து நிமிடம் இது நடந்தாக வேண்டும். "உடம்பு முன்னாடி போகும்டா, மனசு பின்னாடியே வரும். வாயைச் சிரிக்க வச்சுட்டா சந்தோஷம் தானா வந்து சேரும்" என்பார். துக்க வீட்டுக்கு மட்டும் பென்சிலை எடுத்து வரக் கூடாதென்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

சண்டையென்றால் இன்னும் விசேஷம். அக்கா பொரிந்து தள்ளும்போது இவர் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணுவார். "நூத்திப் பத்து. எனக்கு இப்ப கோவம் வந்திருக்கு."

"அதைத்தான் உங்க மூஞ்சி பத்து நிமிஷமா சொல்லுதே!" என்பாள் அக்கா.

இவ்வளவு தெரிந்த மனுஷர் கார் ஓட்டும் தேர்வில் நான்கு முறை கோட்டை விட்டவர். அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தாலே கால் வெடவெடவென்று உதறும். வீட்டில் அக்காதான் ஓட்டுகிறாள் என்பதால் நாங்களும் சிரித்துவிட்டுப் போனோம். இப்போது அவளுக்கு வெளியூரில் பதவி உயர்வு. மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட இங்கே ஆள் வேண்டும். "இந்தத் தடவையும் போச்சுன்னா, ப்ரமோஷனே வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். எனக்கே பாவமாக இருந்தது.

ஐந்தாம் தேர்வுக்குப் பென்சிலோடு போனார். பின்சீட்டில் நான். அதிகாரி முறைத்தார். "என்ன சார், என்னைப் பார்த்தா சிரிப்பா வருதா?"

"ங்ங்" என்றார் அத்தான். அதிகாரி பென்சிலைப் பிடுங்கித் துடைத்து, அதிலேயே படிவத்தை நிரப்ப ஆரம்பித்துவிட்டார்.

கால் உதறத் தொடங்கியது. நாடி பார்க்கலாமென்றால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். "சார், எனக்குப் பயமா இருக்கு" என்றார். எண்ணிக்கை எதுவும் இல்லாமல் இவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"எனக்கும்தான் சார். ஓட்டப் போறது நீங்கதானே?"

அத்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்தபடியே வண்டியை எடுத்தார், வளைத்தார், பின்னுக்குக் கொண்டுபோய்க் கோட்டுக்குள் நிறுத்தினார். அட, தேறியே விட்டார்!

அதிகாரி இறங்கிப் போனதும், அலுவலக வாசலில் காத்திருந்த அக்கா ஓடி வந்து ஏறிக்கொண்டாள். "அப்ப நான் திங்கக்கிழமையே கிளம்பலாம்!" என்று பெல்ட்டை மாட்டினாள். "ம், எடுங்க வண்டியை."

"திங்கக்கிழமையேவா?" என்ற அத்தான் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.