ரமணி குத்தாத தேதி

வேலையைவிட்டு விரட்டினார்களாம்! சீதாலெட்சுமி பாசாரில் மீனைப் புரட்டிக்கொண்டே நாலு பேருக்குச் சொல்கிறாள். ரமணி சாமிப் பொட்டைச் சுரண்டினாளாம், அந்தப் பாவம் சும்மா விடவில்லையாம். சுரண்டினாள்தான், யார் இல்லையென்றது? விரட்டினார்கள் என்பதுதான் பொய். நடந்ததைக் கேளுங்கள், அப்புறம் பேசுங்கள்.

ரமணி எனக்கு அடுத்த வீட்டுப் பெண். போர்ட் கிள்ளானில் பழனியப்பன் பட்டறையில் ஒன்பது வருடம் இருந்தாள். கடலுக்குள் முக்குளிக்கிறவர்கள் முதுகில் மாட்டும் இரும்பு டேங்க் அங்கே சோதனைக்கு வரும். தண்ணீர் நிரப்பி அழுத்துவார்கள். டேங்க் கொஞ்சம் உப்பும். அழுத்தத்தை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால்தான் கழுத்தில் தேதி குத்துவார்கள். ஐந்து வருடத்துக்கு அந்தத் தேதியை நம்பித்தான் அதில் காற்று அடைப்பார்கள்.

எண்பத்தாறில் ஆயுத பூசை வந்தது. பட்டறை ஆட்கள் பக்தி முற்றி, மேசை, கதவு, நாற்பது டேங்க் என்று ஒன்றுவிடாமல் மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். அதன்மேல் சந்தனம், குங்குமம். கழுத்துத் தேதியெல்லாம் பெயிண்டுக்குள் மூடிப்போயிற்று. சோதித்தது எது, சோதிக்காதது எது, ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை பெர்மிட்டைப் புதுப்பிக்க இலாகா அதிகாரி வருகிறார்.

"எல்லாத்துக்கும் புதுத் தேதி குத்திடு லா," என்றார் பழனியப்பன்.

"பார்க்காம குத்த மாட்டேன் பாஸ்."

"பெர்மிட் போனா பட்டறைய மூடணும். உனக்கும் வேலை இல்ல, தெரியும்ல?"

ரமணி சுரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெயிண்ட் அடித்த கன்னையா பதறிப்போனார்.

"சாமிப் பொட்டுலயா கைவைக்கிற?"

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன் அண்ணே. காத்து அடைக்கிறப்ப வெடிச்சா, செத்தவன் பொண்டாட்டிகிட்ட நீங்க பேசுவீங்களா?"

சாயங்காலத்துக்குள் நாற்பது கழுத்தையும் சுரண்டிவிட்டாள். ஒன்பதில் ஐந்து வருடம் தாண்டிய பழைய தேதி. அவற்றை மட்டும் தனியே உருட்டி வைத்தாள்.

மறுநாள் அதிகாரி அந்த ஒன்பதையும் பார்த்துவிட்டு, இது என்ன என்றார். பழனியப்பன் ரமணியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் சோதிக்கல," என்று ரமணியே மலாய் மொழியில் சொன்னாள். அவர் ஒன்றைக் காட்டி, என் கண்முன் சோதி என்றார். டேங்க் உப்பியது, உப்பினது உப்பினபடியே நின்றது.

இதில் புதுத் தேதி இருந்திருந்தால் இன்றைக்கே பட்டறையைப் பூட்டியிருப்பேன் என்றார் அதிகாரி. பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டார். போகும்போது, சோதனையாளர் பரீட்சை எழுது என்று ரமணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எழுதினாள். மறுவருடம் அவள் பெயரிலேயே சர்ட்டிபிகேட் வந்தது. சுங்கை வே என்ற ஊரில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. கடைசி நாள் பழனியப்பன் வாசலை மறித்து நின்றார்.

"சம்பளத்தக் கூட்டித் தரேன், இரும்மா."

"சம்பளம் இல்ல பாஸ். அங்க நான் வேணாம்னு சொன்னா ஒரு டேங்கும் வெளிய போகாது. எழுதியே குடுத்திருக்காங்க."

பழனியப்பன் விலகி வழி விட்டார். ரமணி செருப்பை மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, தன் காலால் நடந்து வெளியே வந்தாள்.