வெட்ட மறந்த குரல்

எல்லை தாண்டித் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பேருந்தில் பழைய ஒத்திகைப் பதிவொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், நாங்கள் தொடங்கவிருக்கும் இசைப் பத்திரிகைக்கு ஒரு பெயர் தோன்றியது. பதிவில் உறுமி தொடங்குமுன் குழுவிலிருந்த என் நண்பன் சொல்கிறான்: "சரிடா, இன்னொரு தடவை."

அவன் போன வருஷம் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டான். எங்கள் உறுமி மேளக் குழுவின் பதிவுகளை இணையத்தில் ஏற்றுவது என் வேலை. முதல் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று, அதற்கு முன்னால் அவன் பேசியதையெல்லாம் வெட்டி எறிந்திருக்கிறேன். வெட்ட மறந்தது இது ஒன்றுதான்.

அன்று முழுக்க அந்தக் குரல் என்னை விடவில்லை. எங்கே கொஞ்சம் சத்தம் அடங்கினாலும், இதோ சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.

பத்திரிகைக்குப் பணம் போடும் கூட்டாளியிடம், பெயர் 'இன்னொரு தடவை' என்றேன். "டியூஷன் சென்டர் பேரு மாதிரி இருக்குலா," என்று சிரித்தான். அது யாருடைய வார்த்தை என்று விளக்கியதும் சொன்னான்: "அவங்க வீட்டுல கேளு முதல்ல."

குளுவாங் ஊரில் அம்மாவோடு இருக்கும் நண்பனின் அக்காவை அழைத்துப் பெயரைச் சொன்னேன்.

"கடையில அந்தப் பேரப் பாத்தா அம்மா தாங்க மாட்டாங்க தம்பி," என்றார். பிறகு, "அவன் குரல் இருக்கா உன்கிட்ட? எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணு இருக்குக்கா, சனிக்கிழமை கொண்டு வர்றேன்," என்றேன். மற்றதையெல்லாம் நான் வெட்டியதை அவரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் குளுவாங் போகிறேன். முதலில் அக்காவிடம், நான் வெட்டியதைச் சொல்ல வேண்டும். பிறகு அம்மாவுக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுவேன். அவர் கேட்டு முடித்த பிறகும் எனக்கு வாய் வந்தால், அந்தப் பெயரை வைக்கலாமா என்று கேட்பேன்.