கடைக் கண்ணாடியில் புன்மி

வேப்பெண்ணெய் வாடை வந்தால் எனக்குப் புன்மியின் கால்கள்தான் நினைவுக்கு வரும். பிரெஞ்சுத் தலைநகரில், ரூ காய் தெருவில் எங்கள் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த நைஜீரிய ஓட்டக்காரி அவள். காலையில் ஒபர்வில்லியே புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, மாலையில் பயிற்சி முடித்து வந்து, எங்களிடம் வேப்பெண்ணெய் வாங்கித் தொடையில் தேய்ப்பாள். கடைக்கு வரும் எங்கள் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு 'காப்பிலி' என்பார்கள். ஆபிரிக்கரை இழிவாகச் சொல்லும் சொல். சொன்னவர்களின் தோலும் கறுப்புத்தான். வெட்கமில்லை.

பல வருடம் காயத்தோடு ஓடிய பிறகு, நைஜீரிய அஞ்சலோட்டக் குழுவில் அவளை எடுத்தார்கள். இந்தமுறை தவறினால் இனிக் கூப்பிடமாட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னாள். உடனே எங்கள் ஆட்களுக்கு அவள் 'எங்கடை பிள்ளை' ஆகிவிட்டாள். அப்பா அவள் படத்தோடு வாழ்த்துச் சுவரொட்டி அடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். அடித்துக் கொடுத்தவர் வழக்கமாக அந்தக் கண்ணாடியில் ஒட்டும் மரண அறிவித்தல்களை அடிக்கிறவர். அதே கறுப்புக் கரை, அதே குத்துவிளக்கு. கண்ணாடி முழுக்கச் செத்தவர்களின் படங்கள், நடுவில் இவள்.

"ஐயோ, இந்தப் பிள்ளை எப்ப மோசம் போனது?" என்று ஒரு மாமி அழத் தொடங்க, அவருக்குப் பின்னால் புன்மி எண்ணெய் வாங்க நின்றாள். மாமி ஏன் அழுகிறார் என்று விளக்கிச் சொன்னதும் புன்மி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இறுதி ஓட்டத்தைக் கடைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். மூன்றாவதாக ஓடிய புன்மி கடைசிப் பெண்ணிடம் கொடுக்கும்போது கோல் விழுந்தது. "காப்பிலிக்கு ஒரு தடியைக்கூடப் பிடிக்கத் தெரியேல்லை," என்றார்கள், சற்று முன்புவரை கைதட்டியவர்கள். அப்பா எழுந்துபோய்ச் சுவரொட்டியைக் கிழித்தார். மற்றப் படங்களை விட்டுவிட்டு, அவளுடையதை மட்டும்.

போட்டி முடிந்து திரும்பியவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். "அண்ணை" என்று தமிழில் கூப்பிட்டு, மிச்சத்தைப் பிரெஞ்சில் கேட்டாள்: "நான் இப்பதான் செத்தேனா?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்," என்று அம்மா அப்பாவைப் பார்த்துச் சீறினார்.

அதற்குப் பிறகு குழு அவளைக் கூப்பிடவில்லை. அறையைக் காலி செய்துவிட்டு எங்கே போனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் கடையும் போய், அந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். அன்று பார்த்தவர்களைக் கேட்டால் கோல் விழுந்த கதையைத்தான் இன்றும் சொல்வார்கள். அது விழுவதற்கு முன் அந்த வளைவில் அவள் மூன்று பேரை முந்தினாள். நானும் பார்த்தேன், அவர்களும் பார்த்தார்கள். அதை அந்த வாய்கள் ஒருநாளும் சொன்னதில்லை.