ஊசி ஆயில்

என் வீட்டுக்காரர் கால் முறிந்து படுத்திருந்த மாதங்களில் அவருடைய பைக், பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் ஷெட்டிலேயே கிடந்தது. எழுந்து நடமாடியதும் முதல் வேலையாக பைக்கின் பழைய ஆயிலைத் தட்டில் இறக்கினார், கறுப்பாக வடிந்தது. பிறகு மெஷினடியில் இருந்த கேனை எடுத்து இன்ஜினில் ஊற்றினார். அது தண்ணீர்போல இறங்கியது.

“ஏனுங்க, அது நிட்டிங் ஊசிக்கு விடற ஆயிலுங்க. இன்ஜின் தாங்காதுங்க.”

“ஆயில்னா ஆயில்தான். நீ உன் வேலையப் பாரு.”

கிக்கரில் கால் வைத்தார். துணியில் பொட்டளவு கறை விழுந்தாலே ஷெட்டை இரண்டாக்குகிற மனுஷன். நான் கறுப்பு ஆயில் தட்டைத் தூக்கிக்கொண்டுபோய், ஓடிக்கொண்டிருந்த மெஷினின் ஊசிகளுக்கு மேலே சற்றே சாய்த்துப் பிடித்தேன். கீழே வெள்ளைத் துணி இறங்கிக்கொண்டிருந்தது.

“ஆயில்னா ஆயில்தானுங்களே,” என்றேன்.

அவர் கால் கிக்கரிலிருந்து இறங்கியது.