முதல் உருண்டை

என் அண்ணி பவானேஸ்வரி ஓர் இரவு முழுவதும் தூங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. கேட்டால், "தூங்குறேனே, பஸ்ல" என்பார். பொய் இல்லை. புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருக்கும் வீட்டிலிருந்து பாச்சாங்கில் அவர் உதவியாளராக இருக்கும் பாலர் பள்ளிக்குப் போகும் அந்தக் கொஞ்ச நேரம் சன்னலில் தலை சாய்த்துத் தூங்குவார். இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் யாரும் எழுப்பாமலே கண் விழிப்பார்.

காரணம் மகன் கவிநேசன். ஐந்து வயது. தொண்டையில் சதை வீங்கி, தூக்கத்தில் பெரிய மனுசனைப் போலக் குறட்டை விடுவான். குறட்டையால் தொல்லை இல்லை. அது நின்றால்தான் பயம். சத்தம் அறுந்தாற்போல நிற்கும், மூச்சும் கூடவே நிற்கும். பக்கத்தில் விழித்திருக்கும் அண்ணி அவன் தோளைப் பிடித்துப் புரட்டிவிடுவார். ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்பும். அதன் பிறகு அண்ணி அடுத்த தடவைக்காகக் காது கொடுத்துக் கிடப்பார். அண்ணனும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித்தான் படுப்பார். ஆனால் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்ற உடம்பு அது, படுத்ததும் போய்விடும்.

அரசாங்க மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு வரிசை நீளம். போன வருடமே ஒரு தேதி கிடைத்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் பாலர் பள்ளியில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஒரு கிருமி புகுந்து, அண்ணியோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. முதலில் அண்ணி, அடுத்து மூத்த மகள் மலர்விழி, கடைசியில் கவி. உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். தேதி போயிற்று, மறுபடியும் வரிசையின் கடைசி. தேதி போனதற்கு அண்ணி அழவில்லை. அன்று இரவும் வழக்கம்போல விழித்திருந்தார்.

இந்த வருடம் இன்னொரு தேதி வந்தது, ஒரு புதன்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை அண்ணனின் தொழிற்சாலை குடும்பங்களை ஜொகூர் பக்கத்துத் தண்ணீர்ப் பூங்காவுக்கு அழைத்துப் போவதாக இருந்தது.

"வேணாம் பவானி, வரலன்னு சொல்லிடுறேன்" என்றார் அண்ணன் கணேஸ்வரன்.

அப்போது மலர்விழி பக்கத்தில் நின்றிருந்தாள். பத்து வயது. தம்பிக்கு முடியவில்லை என்று அவளுடைய பிறந்தநாள் ஒன்று நடக்காமல் போனது, தம்பிக்கு முடியவில்லை என்று பள்ளிச் சுற்றுலா ஒன்று. உள்ளே போய், எடுத்து வைத்திருந்த நீச்சல் உடையை மடித்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"கேட்டு அடம் புடிச்சிருந்தா திட்டியிருப்பேன்" என்று அண்ணி என்னிடம் தொலைபேசியில் சொன்னார். "கேக்கவே இல்ல தங்கச்சி. மடிச்சு வச்சிட்டா. நீயும் வா. எனக்கு ரெண்டு கை பத்தாது."

அண்ணனுக்கு ஒரே தங்கை நான். பாச்சாங்கில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறேன். போனேன்.

பஸ்ஸில் ஏறும் முன்பே அண்ணி சட்டங்களைச் சொல்லிவிட்டார். பூங்காவில் ஐஸ் கிடையாது. அங்கே விற்கும் சோறும் கிடையாது. ஆளுக்கொரு போத்தல், நகப்பூச்சால் அடையாளம் வைத்தது. அண்ணாந்து ஊற்றிக் குடித்தாலும் அடுத்தவர் போத்தலைத் தொடக்கூடாது. குளத்துத் தண்ணீர் வாய்க்குள் போனால் துப்ப வேண்டும். வாயில் கை வைக்கக்கூடாது. கழிப்பறைக்குப் போனால் அவர் கூட வருவார், சோப்பும் கூட வரும். புதுச் சோப்பு ஒன்றைப் பாதியாக வெட்டிப் பையில் போட்டிருந்தார். மீதிப் பாதி வீட்டுக் குளியலறையில் கிடந்தது.

பின்வரிசையில் இருந்த ராஜம்மா ஆண்டி அண்ணனோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவருக்குப் பேச்சு நிற்காது.

"பவானி, நாம போறது பூங்காவுக்காலா, ஆஸ்பத்திரிக்கா? ஊசி கொண்டாந்துருக்கியா?"

"உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன் ஆண்டி. வாய்ல போடுற ஊசி."

"போடுலா. எங்க வீட்டுக்காரர் உனக்குப் புண்ணியமாப் போகும்னுவாரு."

பஸ்ஸே சிரித்தது. அண்ணியும் சிரித்தார், கண் மட்டும் கவியின் கைகள் மேல் இருந்தது. மலர் சன்னல் ஓரம் உட்கார்ந்து, துணிக்கு அடியில் ஏற்கெனவே நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

காலை நன்றாகப் போயிற்று. மலர் உயரமான சறுக்கலில் திரும்பத் திரும்ப ஏறினாள். கவி முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு சிறிய வாளியை நிரப்பிக் கொட்டிக்கொண்டிருந்தான். அண்ணி நிழலில் உட்காரவே இல்லை. குளத்தைச் சுற்றி நடந்தபடி, "வாய மூடு", "துப்பு", "தொடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாலர் பள்ளியிலும் இதே மூன்று சொற்கள்தானாம்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் நாங்கள் இருவரும் கை கழுவப் போனோம். உடை மாற்றும் அறையில் சின்னப் பெண் குழந்தை ஒன்று நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தது. அதன் தாய் இடுப்பில் கைக்குழந்தையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். மலாய்க்காரப் பெண், வயது இருபத்தைந்துகூட இருக்காது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நானும்தான். அண்ணி யோசித்ததாகவே தெரியவில்லை. முன்னால் போய் ஒரு கையால் குழந்தையின் நெற்றியைத் தாங்கினார், மறு கையால் முடியை ஒதுக்கினார். "தாபா, தாபா", பரவாயில்லை என்று மலாயில் சொல்லித் தட்டிக்கொடுத்தார். வேலை பழகிய கைகள். தன் போத்தல் தண்ணீர் முழுவதையும் ஊற்றி, குழந்தையின் முகத்தையும் கழுத்தையும் சோப்புப் போட்டுத் துடைத்து முடித்தபோது சோப்பு வழுக்கித் தரையில் விழுந்து, அந்த வாந்தித் தண்ணீரோடு ஓடிச் சாக்கடைச் சல்லடையில் சிக்கியது.

அண்ணி கை கழுவக் குழாயைத் திறந்தார். இருமிவிட்டு நின்றது. அடுத்ததும் அப்படியே. வெளியே குளம் குளமாகத் தண்ணீர், உள்ளே குழாயில் சொட்டு இல்லை.

வாசலில் நின்ற ராஜம்மா ஆண்டி கைப்பையிலிருந்து சனிடைசர் போத்தலை எடுத்தார். "இந்தா, நல்லாத் தேய். கோவிட்டயே கொன்ன மருந்து இது."

அண்ணி முழங்கை வரை தேய்த்தார். சாராயம் போல நெடி வந்தது, கை காய்ந்தது. அவ்வளவுதான். கவி பசியில் சிணுங்குகிறான் என்று அண்ணன் கூப்பிட்டார், போய்விட்டோம்.

எங்கள் வீடுகளில் வெளியூர் போனால் பிள்ளைகளுக்குத் தட்டு கிடையாது. ஒருத்தி பெரிய சட்டியோடு நடுவில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து உருண்டை பிடிப்பாள். சுற்றி நீட்டியிருக்கும் கைகளில் ஒவ்வொன்றாக வைப்பாள். அவள் கையால் வாங்கினால்தான் பிள்ளைகள் நிறையச் சாப்பிடும் என்பது நாங்கள் யாருமே கேள்வி கேட்காத விஷயம். அண்ணி ஆளுக்கொரு கரண்டிகூட எடுத்து வந்திருந்தார். ஆனால் புளிச்சோற்றுச் சட்டியைத் திறந்ததும் கரண்டிப் பை திறக்கப்படாமலே கிடந்தது. அவித்த முட்டையை உடைத்துப் போட்டு, உருளைக்கிழங்குப் பிரட்டலைச் சேர்த்து, வலது கையால் பிசைந்தார். எல்லாருடைய கைகளையும் பற்றி யோசித்து வைத்திருந்தவர் அவர்.

வழக்கமாகக் கவிக்குத்தான் முதலில். மூக்கடைப்பில் மெதுவாகத் தின்பவன்.

"மலரு, நீ வா" என்றார் அண்ணி. "இன்னைக்கு உனக்குத்தான் மொதல்ல."

மலருக்கு நம்பிக்கை வரவில்லை. தம்பியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டாமல், குழந்தை போல வாயைத் திறந்தாள். அண்ணி சிரித்துக்கொண்டே ஊட்டினார்.

இரண்டாவது உருண்டை கவிக்கு. அவனும் வாயைத் திறந்தான். அண்ணியின் கை பாதி வழியில் நின்றது. தன் விரல்களை யாருடையவோ போலப் பார்த்தார்.

பிறகு எனக்குச் சொன்னார்: போன வருடம் அந்தக் கிருமி வந்து போனபின் பாலர் பள்ளித் தலைமையாசிரியை எல்லாரையும் உட்கார வைத்து, இந்த வாந்திக் கிருமிக்குச் சனிடைசர் பத்தாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் என்று சொல்லியிருந்தாராம். "எல்லாம் தெரியும் தங்கச்சி. கை காஞ்சதும் சுத்தமாயிடுச்சுன்னு நெனச்சுட்டேன்."

அப்போது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். உருண்டையைச் சட்டியில் போட்டு மூடியை அழுத்தினார். எழுந்து போய்ச் சட்டிச் சோறு முழுவதையும் குப்பைத்தொட்டியில் கொட்டினார்.

"சோத்தயா கொட்டுற?" ராஜம்மா ஆண்டியின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "பவானி, என்னம்மா ஆச்சு?"

"அண்ணிக்குத் தலை சுத்துது" என்றேன், வாய்க்கு வந்ததை.

அண்ணன் கடைக்கு ஓடி மினரல் தண்ணீர் போத்தல்களும் ஒரு சோப்பும் வாங்கி வந்தார். அண்ணி புல்தரையில் குந்தி, அண்ணன் ஊற்ற ஊற்றக் கழுவினார். கவிக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் பிரிக்கப்பட்டது. அதை அண்ணி பிரிக்கவில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும். என்னைப் பிரிக்கச் சொன்னார்.

மலர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மா, எனக்குக் குடுத்தது?"

அண்ணி அவள் பக்கம் திரும்பினார். "முழுங்கிட்டியா?"

"ம்."

"சரி. வா, நாம ரெண்டு பேரும் இந்தப் பக்கம் உக்காருவோம்."

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் கவியோடு முன்வரிசையில், அண்ணியும் மலரும் கடைசி வரிசையில். கவி இரண்டு முறை பின்னால் ஓடிவரப் பார்த்தான், நான் நடுவில் மறித்துக்கொண்டேன். அண்ணி முன்வரிசைக்குக் கேட்கும்படி, "நாங்க தங்கச்சி ரூம்ல எறங்கிக்கிறோம். புதன்கிழமை நீங்க பாத்துக்குங்க" என்றார்.

"நானா?" என்றார் அண்ணன். "அவன் உன்ன விட்டு இருக்க மாட்டான் பவானி. இப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையே. வந்தா பாத்துக்கலாம்லா."

"வந்தப்புறம் பாத்தா தேதி இருக்காது."

அண்ணன் கவியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மலர் சன்னலோடு சன்னலாக ஒட்டிக்கொண்டு, "தம்பிகிட்டப் போகக்கூடாது, அதானே" என்றாள். வீட்டில் அடிக்கடி கேட்ட வாக்கியம்.

"நானும்தான் போகக்கூடாது" என்றார் அண்ணி.

மலர் திரும்பித் தாயைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை. அண்ணன் தொலைபேசியில், "பாத்தியா, சும்மா பயந்துட்டே" என்றார். திங்கட்கிழமை விடிந்ததும் மலர் வாந்தி எடுத்தாள், மதியத்துக்குள் அண்ணியும். என் அறையில் ஒரே கட்டில், ஒரே குளியலறை. நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மூக்கை மூடிய துணியோடு வாளி கழுவினேன், உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் கலந்தேன். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் சோப்பு. என் விரல் நுனிகள் வெடித்துவிட்டன. அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டு, மலரின் நெற்றியைத் தாங்கினார், அந்தக் குழந்தைக்குச் செய்தது போலவே. இந்த முறை அவசரம் இல்லை. ஓட வேறு இடமும் இல்லை.

"அங்க கவிக்கு எப்படி?" என்று இடையிடையே கேட்பார். கவிக்கு ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை அவனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். காணொளி அழைப்பில் அவன் அழுத அழுகை பக்கத்து அறை வரை கேட்டிருக்கும். அண்ணி வெளுத்த முகத்தோடு திரையைப் பார்த்து, "அப்பா தோள் மேல சாஞ்சுக்க. தலகாணி ரெண்டு வச்சுக்கச் சொல்லு" என்றார். அழைப்பை முடித்ததும் போனைத் தலைகீழாக வைத்தார்.

"போங்கம்மா, நான் அத்தகூட இருந்துக்குவேன்" என்றாள் மலர்.

"போனா உள்ள விடமாட்டாங்க."

"விட்டா போவீங்களா?"

அண்ணி மலரின் காலை எடுத்து மடியில் போட்டுப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

புதன்கிழமை மதியம் அண்ணன் கூப்பிட்டார். நான் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"முடிஞ்சுது. நல்லாத்தான் செஞ்சாங்களாம். வார்டுக்குக் கொண்டாந்துட்டாங்க, தூங்குறான்." கொஞ்சம் நிறுத்தினார். "பவானி, சத்தமே இல்ல. கொறட்ட இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெஞ்சு மேல கை வைங்க."

"வச்சிருக்கேன்."

"ஏறி எறங்குதா?"

"ஏறுது. எறங்குது."

"அப்ப சரி" என்றார் அண்ணி. இன்னும் ஏதோ சொல்லப்போனவர் போல வாய் திறந்தபடியே இருந்தார். அப்படியே கட்டிலில் சரிந்தார். அழைப்பை நான்தான் முடித்தேன்.

கஞ்சி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது திரைச்சீலையை மூடி அறையை இருட்டாக்கியிருந்தாள் மலர். வெளியே நல்ல வெயில். அண்ணி வாயைத் திறந்து, கனத்த குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். மலர் கட்டிலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட எழுப்பட்டுமா?" என்றேன்.

உதட்டில் விரல் வைத்தாள். அண்ணியின் குறட்டை ஒரு கணம் தேய்ந்தது. மலரின் கை தானாகத் தாயின் தோளை நோக்கிப் போயிற்று. சத்தம் மறுபடி வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க அத்த" என்றாள் தாழ்ந்த குரலில். "நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."