சுன்னத்து அன்று நான் அழுதது

எனக்கு நாற்பதாம் நாள் குளி முடிந்த மறுவாரம் பிள்ளைக்குச் சுன்னத்து வைத்தோம். தம்பானூர் ஆஸ்பத்திரி ஒன்றில், அடைத்த கதவுக்குள் அவன் வீறிட்டான். வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பிரசவம் ஆனதிலிருந்தே இப்படித்தான். பால் மட்டும் தானாகச் சுரந்து ஜாக்கெட்டை நனைத்தது. பெற்ற பிள்ளை கதற, யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறேனே என்றுதான் அழுகை வந்தது.

மாமியார் என் கண்ணைத் துடைத்துவிட்டார். "அழாத மோளே. புள்ள கத்துனா உம்மாவுக்குத் தாங்குமா? அதாணு பெத்த மனசு." சாலைக் கடைத்தெருவில் வாங்கிய லட்டை வந்தவர்களுக்குக் கொடுத்தபோது என் பாசத்தையும் சேர்த்தே பரிமாறினார். நானும் ஒரு லட்டை எடுத்துக்கொண்டேன்.

பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் கிடத்தினார்கள். என் மேல் பட்டதும் அழுகையை நிறுத்தினான். அவனும் நம்பிவிட்டான்.