காத்துக்காரி

எங்கள் அண்ணியை அடிக்காதவர்கள் என்று கணக்கெடுத்தால் நான் ஒருத்திதான் தேறுவேன். அதுவும் பாசத்தால் அல்ல. திருப்பி அடிப்பாள் என்ற பயம்.

கடற்கரையில் அவளுக்குக் காத்துக்காரி என்று பெயர். மணலில் ஓடும் ஒரு சின்ன ஜீப்பு வைத்திருக்கிறாள். படகுகள் ஒதுங்கும் இடத்தில் மீன் பெட்டிகளை ஏற்றி, மேலே தார்ச்சாலையில் நிற்கும் லாரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் பிழைப்பு. மணலில் இறங்குமுன் நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிடுவாள். சாலைக்கு ஏறியதும் கால் பம்பை எடுத்து, வியர்க்க வியர்க்க மிதித்து மறுபடி ஏற்றுவாள். யாரோ ஒருவன் மேல் கோபம் வந்தால் அவன் வண்டியில் காற்றைப் பிடுங்குவதுதான் உலக வழக்கம். இவள் தன் வண்டியில் தானே பிடுங்குகிறாளே என்று புதிதாக வரும் லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். அண்ணி அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள்.

எனக்கு மட்டும் ஒருநாள் சொன்னாள். டயர் கல் மாதிரி இருந்தால் மணலை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். தொளதொளவென்று இருந்தால்தான் அகலமாகப் பரவி மேலேயே போகும். "ஆனா ரொம்ப எறக்கிட்டாலும் தொல்லை. கொஞ்சம் வெடுக்குனு திருப்புனா டயரு இரும்பு வளையத்தை விட்டுக் கழண்டுரும். மணல்ல வந்துட்டா திருப்பக் கூடாது, நிக்கக் கூடாது. நின்னா பொதைஞ்சோம். போய்க்கிட்டே இருக்கணும்."

"அப்ப குறுக்க யாராச்சும் வந்தா?" என்றேன்.

"வரமாட்டாங்க. வண்டி வருதுன்னு தெரியும்ல" என்றாள்.

அவளுடைய அப்பா ஒரு மெக்கானிக். ஒரே அறை, அதன் பின்னால் தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. அம்மா இல்லை. அண்ணி, அவளுக்குக் கீழே ஒரு தம்பி. அந்த மனிதர் குடித்தால் அடிப்பார், குடிக்கக் கிடைக்காவிட்டால் இன்னும் அடிப்பார். கழற்றிப் போட்ட ஃபேன் பெல்ட் ஒன்று ஆணியில் தொங்கும். அதை எடுத்தாரென்றால் முதலில் தம்பியைத்தான் தேடுவார். அண்ணி ஓடிப்போய்த் தம்பிக்குக் குறுக்கே நின்றுகொள்வாள். குறுக்கே நின்றால் நிறுத்திவிடுவார் என்று நினைத்தாளாம், பைத்தியக்காரி. அவர் நிறுத்தியதே இல்லை. ஆள் மாறியது, அடி மாறவில்லை. அவள் முதுகை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்குக் கல்யாணமான புதிதில் குளியலறைக் கதவைத் தட்டாமல் திறந்துவிட்டேன். பட்டை பட்டையாகத் தழும்பு. நான் கதவை மூடவும் மறந்து பார்த்தேன். அவளோ, "கதவைத் தட்டிட்டு வரணும்னு உங்க வீட்ல சொல்லித் தரலையா?" என்று கேட்டாள்.

அவள் அப்பா செத்தது ஒரு ஜீப்புக்கு அடியில். யாரோ பழுது பார்க்க விட்டுப்போன வண்டி. ஜாக்கி சரிந்து, வண்டி அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டது. அண்ணி சத்தம் கேட்டு வந்து பார்த்தாள். தம்பியின் கண்ணைப் பொத்தினாள். பிறகு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள். அழவில்லையாம். எதற்கு அழவேண்டும் என்று நானும் கேட்கிறேன். சாவு விழுந்த வண்டி எனக்கு வேண்டாம் என்று சொந்தக்காரர் கையைக் கழுவிவிட்டார். அக்காவும் தம்பியும் அதைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டி ஓடவிட்டார்கள். அப்பாவை நசுக்கிய வண்டிதான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. அவர் உயிரோடு இருந்தபோது செய்யாததை அவரைக் கொன்ற வண்டி செய்தது, அவ்வளவுதான்.

எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷமே ஒரு சண்டையில் அண்ணன் கை நீட்டினான். அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு எழுந்து போய், வண்டியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்துவந்து அவன் முழங்கையில் ஒன்று வைத்தாள். அவன் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தான். யாராவது கேட்டால், "படகுல வழுக்கிட்டேன்" என்பான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கை நீண்டதில்லை. உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் சிரித்துப் பேசி நான் பார்த்தேன். அண்ணன் அவளோடு கடற்கரைக்குப் போய்ப் பெட்டி ஏற்ற ஆரம்பித்தான்.

அங்கேதான் டிராக்டர்காரர் குறுக்கிட்டார். அந்தக் கரையில் அதுவரை அவர் ஒருவர்தான். படகை மேலே இழுக்கவும் அவர் டிராக்டர், பெட்டியை ஏற்றவும் அவர் டிராக்டர். ஒரு நடைக்கு அது அசைந்து அசைந்து போய்வருவதற்குள் ஐஸ் கரைந்து தண்ணீராகிவிடும். ஜீப்பு வந்ததும் பெட்டியெல்லாம் அண்ணியிடம் போய்விட்டது. அவர் சும்மா இருப்பாரா? அவர் ஆட்கள் வந்து ஜீப்பின் சீட்டைக் கிழித்தார்கள். கண்ணாடியை உடைத்தார்கள். ஐஸ் ஃபேக்டரி வாசலில் என்னை முடியைப் பிடித்து இழுத்து, "உங்க அண்ணிகிட்டச் சொல்லு" என்றார்கள். நான் சொல்லவில்லை. இழுத்தவன் விரலைக் கடித்துவிட்டேன். பிறகு அவர் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தார். அண்ணியின் தம்பிக்குத் தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்து, டிராக்டர் சாவியையும் அவன் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு அவன் கட்டிக்கொள்ளும் முறை. நல்லவேளை, தப்பித்தேன்.

அண்ணி அந்தக் கல்யாணத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். "மாமனார் வீட்ல நல்லா இருக்கட்டும். அவனாச்சும் அடி வாங்காம இருக்கட்டும்" என்றாள்.

ஒருநாள் மதியம் படகுகள் நிறைய மீனோடு வந்திருந்தன. நான் ஐஸ் மூட்டைகளோடு கரைக்குப் போயிருந்தேன். ஒரு படகுக்காரர் எல்லாப் பெட்டியையும் ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டார். டிராக்டர்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அண்ணன் தூக்கிய பெட்டியை எட்டி உதைத்தார். மீன் மணலில் சிதறியது.

"எடுய்யா அதை" என்றான் அண்ணன்.

"யாரைப் பாத்துடா எடுங்குற?"

"உன்னைப் பாத்துத்தான். உன் காலுதானே ஒதைச்சுது, உன் கையே எடுக்கட்டும்."

அண்ணனுக்கு வாய் கொஞ்சம் நீளம், எங்கள் குடும்ப வாய். டிராக்டர்காரர் கையில் பெட்டி இழுக்கும் இரும்புக் கொக்கி இருந்தது. அதை வீசினார். அண்ணனின் இடுப்புக்கு மேலே, வயிற்றோரம் ஏறியது. அவர் அதைத் திருப்பி இழுத்ததுதான் கொடுமை. என் கண்முன்னால் சட்டையோடு சதை கிழிந்து வந்தது. அண்ணன் மீன்களுக்கு நடுவில் உட்கார்ந்தான்.

ஜீப்பு கொஞ்சம் தள்ளி, கெட்டி மணலில் நின்றது. அந்த நேரத்தில் அண்ணி என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் தெரியுமா? அவளுடைய சொந்தத் தம்பி பின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, வால்வை அழுத்திக் காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்ததை. மூன்று சக்கரம் முடித்து நாலாவதில் இருந்தான். பாதியோடு நிற்காமல், கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இறக்கியிருந்தான். அவள் ஸ்பேனரால் அவன் தோளில் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குள் நான் கத்தினேன். அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். தம்பியை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

படகுக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். நாளைக்கும் படகை இழுக்க டிராக்டர் வேண்டுமே, அதனால் நின்றார்கள். ஒருவன்கூடக் கை கொடுக்கவில்லை. அந்த முகங்களை நான் மறக்கப்போவதில்லை. அண்ணி தோளைப் பிடிக்க, நான் காலைப் பிடிக்க, அண்ணனை ஜீப்பின் பின்னால் போட்டோம். நான் ஈரச் சாக்கைச் சுருட்டி வயிற்றில் வைத்து, அதன்மேல் முழங்காலால் அழுத்தி உட்கார்ந்தேன். சாக்கு சூடானது.

சாலைக்கு ஏறும் சந்தில் டிராக்டரைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். "ஒரு வண்டியும் வெளிய போகக் கூடாது!" என்று டிராக்டர்காரர் கத்தினார். "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும்! விடாதீங்கடா!"

இன்னொரு வழி இருந்தது. கரையோடே போனால் கடைசியில் ஒரு சிமெண்டுச் சரிவு, அதில் ஏறினால் ஆஸ்பத்திரிச் சாலை. ஆனால் கடல் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீரோரக் கெட்டி மணலை அலை விழுங்கிவிட்டது. மிச்சம் இருந்தது பொலபொல மணல்தான். நாலு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டும் குட்டைக் கம்பியை அண்ணி பின்னால் இழுத்தாள். நாலு சக்கரமும் ஒன்றாக முனகின. வண்டி நகர்ந்தது. காற்றில்லாத டயர்கள் சப்பென்று பரந்து மணலின் மேலேயே போயின. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. போகவிடாமல் செய்யக் காற்றைப் பிடுங்கினார்கள், அதனாலேயே போகிறோம்.

"அண்ணி, வேகமா!"

"வேகம் கேக்காத. அவரைப் பிடி."

ஒரு பக்கம் ஏற்றி வைத்த படகுகளின் வரிசை, மறுபக்கம் அலை. நடுவில் ஒரு வண்டி போகும் வழி. படகுகளுக்குப் பின்னால் யாரோ ஓடுவது தெரிந்தது. வரிசையின் முடிவில் அவன் முன்னால் வந்து நின்றான். தம்பி. ஒரு கை தொங்கியது, அவள் அடித்த தோள். இன்னொரு கையை நீட்டி வழியை மறித்தான்.

"அக்கா! நில்லுக்கா!"

அவனுக்கு எல்லாம் தெரியும். அந்த வண்டியை அவளோடு சேர்ந்து பூட்டியவன். இந்த டயரை வைத்துக்கொண்டு அவளால் திருப்ப முடியாது, நின்றால் கிளம்ப முடியாது என்று அவனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நின்றான்.

அண்ணி ஹாரனில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"நில்லுக்கா! மாமா என்னைக் கொன்னுருவாரு!"

"ஏத்துங்க அண்ணி!" என்று நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். இன்றைக்கும் கத்துவேன். என் முழங்காலுக்கு அடியில் என் அண்ணன் போய்க்கொண்டிருந்தான்.

நான் அவள் காலைப் பார்த்தேன். அது அழுத்தவும் இல்லை, தூக்கவும் இல்லை. அப்படியே இருந்தது. அவள் வாய் மட்டும், "தள்ளிப் போடா, தள்ளிப் போடா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஹாரன் சத்தத்தில் அது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அவன் கடைசிவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசி நொடியில்தான் நம்பினான். குதித்தான், கால் மணலில் வழுக்கியது, பம்பர் அவனை இடித்துத் தள்ளியது. பிறகு முன் சக்கரம் லேசாக ஏறி இறங்கியது. பின் சக்கரமும் ஏறி இறங்கியது. அவன் அலறல் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரனிலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டாள். சரிவு வரைக்கும் அது கத்திக்கொண்டே வந்தது.

சரிவில் ஏறத் திருப்பியபோது அண்ணி அன்றைக்குச் சொன்னது போலவே ஒரு டயர் கழன்றது. சிமெண்டில் இரும்பு தேய்ந்து தீப்பொறி பறக்க, மூன்று சக்கரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். அண்ணி அவர்களிடம் முதலில் சொன்னது அண்ணனைப் பற்றியல்ல.

"கடற்கரையில இன்னொருத்தன் கெடக்கான். காலு. தண்ணி ஏறுது, சீக்கிரம் போய்த் தூக்கிட்டு வாங்க."

அண்ணன் பிழைத்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். டிராக்டர்காரரை அன்று மாலையே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. படகுக்காரர்களுக்கு அப்போதுதான் வாய் வந்தது, ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். தம்பிக்குக் காலில் ஒரே ஒரு இடத்தில்தான் முறிவு. கீழே பொலபொல மணல், மேலே காற்றில்லாத டயர், கால் அப்படியே மணலுக்குள் அமுங்கிவிட்டது. கெட்டி டயராக இருந்திருந்தால் காலையே எடுத்திருப்போம் என்றார் டாக்டரம்மா. அவன் கையால் பிடுங்கிய காற்று அவன் காலைக் காப்பாற்றியது. அவன் பெண்டாட்டி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு ஜாமீன் பார்க்கப் போய்விட்டாள்.

வார்டில் எதிரெதிர்க் கட்டில்கள். ஒன்றில் அண்ணன், ஒன்றில் தம்பி. நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு அண்ணி உட்கார்ந்திருந்தாள். அவள் சட்டையில் இருந்த ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.  தம்பிதான் பேச்சை ஆரம்பித்தான்.

"நீ நிறுத்துவேன்னு நெனச்சேங்கா."

அண்ணி அவனையே பார்த்தாள். எனக்கு அவளைத் தெரியும், கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரல் எழும்பவே இல்லை.

"நான் உனக்குக் குறுக்க நின்னப்பல்லாம் அப்பா நிறுத்துனாராடா?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்த்தான். கட்டுப் போட்ட கால் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டுமுறை முயன்றான். அண்ணி எழுந்து போய் அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அவன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தான். அவள் அந்தக் காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.